சேரிங் கிராஸ் பக்கம் எங்கே சாப்பிடலாம்? ஐந்து பேர், மூன்று நாள், ஒரு சர்க்கரைக்காரர்

சேலத்துராணி:
வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் ஊட்டி வருகிறோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பையன்கள் (14, 9), என் அப்பா. தங்குவது கார்டன் ரோட்டில். சேரிங் கிராஸ் நடந்து போகும் தூரம்தான் என்கிறார்கள்.

போன தடவை மே மாதம் வந்து சாப்பாட்டில் நன்றாக மாட்டிக்கொண்டோம். ஒரு ஹோட்டலில் ஐம்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் வந்த இட்லியை எறிந்தால் ஆள் விழுவான். சாம்பார் மேசைக்கு வரும்போதே ஆறிவிட்டது. அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை. நேரம் தவறினால் கை நடுங்கத் தொடங்கிவிடும். அன்றைக்கு அவர் பையில் இருந்த பிஸ்கட்தான் காப்பாற்றியது.

அப்பா நாற்பது வருஷமாகச் சுத்த சைவம். பையன்களுக்குக் கோழி இல்லாமல் இறங்காது. புரட்டாசி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. ஜன்னல் வழியே மலை தெரிய வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம். சூடாக, நேரத்துக்கு, நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும். ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?

மஞ்சூர்பஸ்:
அக்கா, அதிகம் யோசிக்காதீர்கள். சேலத்திலும் கோவையிலும் பார்க்கிற அதே பெரிய சைவ ஹோட்டல்களுக்கு இங்கேயும் கிளை இருக்கிறது. ருசி தெரிந்தது, கழிப்பறை சுத்தம். வயசானவரைக் கூட்டிக்கொண்டு பரிசோதனை செய்யாதீர்கள்.

கீழ்பஜார்:
"ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடுவீர்கள்" என்று கேட்டதற்கு உண்மையான பதில்: வீட்டில். சிரிக்க வேண்டாம். இந்தக் குளிருக்கு ஏழரை மணிக்கெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கம்பளிக்குள் போய்விடுவோம். வெளியே சாப்பிடுகிற ஊர்க்காரன் என்றால் அது மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், லாரி டிரைவர், கடைப் பையன், கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் கிராமத்திலிருந்து வந்தவர். அவர்கள் சாப்பிடுகிற இடத்தைக் கேளுங்கள், சொல்கிறேன்.

சேரிங் கிராஸ் என்பது அந்தப் பழைய நீரூற்று நிற்கிற முக்கு. அங்கிருந்து கார்டன் ரோடு பொட்டானிக்கல் கார்டன் பக்கம் போகிறது. இன்னொரு பக்கம் கமர்ஷியல் ரோடு, கடைகடையாக மார்க்கெட் வரை போகும். வருகிற வண்டியெல்லாம் இந்த முக்கில்தான் மோதிக்கொள்ளும், கூட்டம் முழுக்க இங்கேயே சாப்பிட உட்காரும். நீங்கள் மே மாதம் மாட்டியது இதில்தான். ஹோட்டலைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, நாற்பது பேருக்குக் கட்டிய சமையல்கட்டில் நானூறு பேர்.

கமர்ஷியல் ரோட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் மார்க்கெட், அதைத் தாண்டினால் லோயர் பஜார். காய்கறி லோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும், கேரட் அறுவடையும் கழுவலும் இருட்டிலேயே நடக்கும். அதனால் மார்க்கெட் சுற்றுவட்டத்தில் டீக்கடையும் மெஸ்ஸும் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிடும். காலை ஆறரைக்கு அங்கே இட்லி கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும். அதே நேரம் சேரிங் கிராஸில் ஷட்டரே பாதிதான் தூக்கியிருக்கும். மதியம் பன்னிரண்டே காலுக்குப் போனால் சாப்பாடு இலையில் வரும்போது ஆவி பறக்கும். ஒன்றரைக்குப் போனால் மற்றவர் விட்டதுதான்.

அப்பாவுக்கு நேரம் முக்கியம் என்றால் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்காருங்கள். இதுதான் என் ஒரே யோசனை, கடைப் பெயர் அப்புறம்.

மஞ்சூர்பஸ்:
மார்க்கெட் மெஸ்ஸா? மழை பெய்தால் அந்தச் சந்தில் கால் வைக்க முடியுமா? ஒரு வயசானவர் வழுக்கி விழுந்தால் நீங்கள் பொறுப்பா? உங்களுக்கு ஊர்ப்பாசம், அவ்வளவுதான்.

கீழ்பஜார்:
மழை பெய்தால் சேரிங் கிராஸிலும்தான் வழுக்கும். ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். எல்லா மெஸ்ஸும் நல்லது என்று நான் சொல்லவில்லை. வாசலில் நின்று தட்டு கழுவுகிற தண்ணீரைப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடை.

அடுப்படி:
நான் கமர்ஷியல் ரோட்டில் ஒரு ஹோட்டலில் மாஸ்டர். பதினாலு வருஷம். கடைப் பெயர் சொல்ல மாட்டேன், முதலாளி இதையெல்லாம் படிப்பார்.

அந்தக் கல் இட்லிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சேலத்தில் ராத்திரி மாவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழியும். இங்கே செப்டம்பர் இரவிலேயே பத்து டிகிரி பக்கம் வந்துவிடும், டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி. மாவு எப்படிப் புளிக்கும்? நாங்கள் அடுப்புக்குப் பக்கத்தில், சாக்கு சுற்றி, சில நேரம் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து எழுப்புகிறோம். ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும். சீசனில் திடீரென்று கூட்டம் வந்தால் எழும்பிய மாவு காலை ஒன்பதுக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் வருகிறவருக்கு எழும்பாத மாவுதான். அதனால் ஊட்டியில் இட்லி சாப்பிட்டால் காலை முதல் ஈடு, இல்லையென்றால் தோசை. எழும்பாத மாவு தோசைக்கல்லில் மாட்டிக்கொள்ளாது, இட்லித் தட்டில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். இங்கே தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது. 92, 93 டிகிரியிலேயே தளதள என்று பொங்கிவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. துவரம் பருப்பும் கொண்டைக்கடலையும் குக்கர் இல்லாமல் லேசில் வேகாது. புதிதாகக் கீழேயிருந்து வருகிற சமையல்காரன் முதல் வாரம் அரைவேக்காட்டுச் சோறு போட்டுத் திட்டு வாங்காமல் இருந்ததில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். டீயும் காபியும் சீக்கிரம் ஆறுவதும் பாதி இதனால், பாதி குளிரால். சாம்பாரை வாளியில் எடுத்து நாலு மேசை சுற்றி வருவதற்குள் சூடு போய்விடும். சப்ளையரிடம் "புதுசா ஊத்துங்க" என்று கேளுங்கள், தப்பே இல்லை.

மெனு கார்டில் 180 அயிட்டம் போட்டிருந்தால் அதில் 150 இரண்டே கிரேவியின் மறுபிறவி. வெள்ளையும் சிவப்புமாக இரண்டு அண்டா, அவ்வளவுதான். கூட்டமான நாளில் அந்தக் கார்டைத் திறக்காதீர்கள். "இப்ப என்ன சூடா இருக்கு?" என்று கேட்டு அதைச் சாப்பிடுங்கள்.

புரட்டாசி பற்றி: சனிக்கிழமை உள்ளூர் ஆள் அசைவம் தொட மாட்டான், டூரிஸ்ட் தொடுவார். ஆகவே டூரிஸ்ட் ஓட்டம் இருக்கிற கடையில் பையன்களுக்குக் கோழி வாங்குங்கள். ஓட்டம் இல்லாத கடையில் அந்த மாதம் கோழி வேண்டாம்.

சேலத்துராணி:
அடுப்படி அண்ணா, கைகூப்பு. 93 டிகிரி விஷயத்தைப் பெரியவனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ அந்த ஹோட்டல்காரர் மேல தப்பில்லையா?" என்கிறான். ஐம்பது நிமிடத்துக்கு எந்த டிகிரி காரணம் என்று கேட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு ராகி, சாமை மாதிரி ஏதாவது கிடைக்குமா? படுகர் சாப்பாடு என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கே கிடைக்கும்?

ஹட்டிக்காரி:
நான் படுகர்தான், கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது எங்கள் கிராமம். உங்கள் கேள்வியைப் பார்த்து சந்தோஷம், பதில் கொஞ்சம் வருத்தம். எங்கள் சாப்பாடு ஹோட்டல் சாப்பாடாக இன்னும் மாறவில்லை. எப்போதாவது ஒரு ரிசார்ட்டில், கண்காட்சியில் ஸ்டால் போடுவார்கள். தினம் நடந்து போய் உட்கார்ந்து சாப்பிட இது சேரிங் கிராஸில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் முதலில் போன் செய்து கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ராகிக் களியை எரகி ஹிட்டு என்போம். அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுச் செய்கிற குழம்பு அவரெ உதக்க. களியைக் கையால் குழித்து, அதில் நெய்யோ குழம்போ விட்டு, மெல்லாமல் விழுங்க வேண்டும். கல்யாணம், பண்டிகை என்றால் துப்பதிட்டு, நெய்யில் பொரித்த மாவுப் பண்டம். அதை அப்பாவிடம் காட்டாதீர்கள்! ராகி என்பதால் சர்க்கரை ஏறாது என்றும் நினைக்க வேண்டாம். களி பெரிய உருண்டையாக இறங்கினால் ஏறத்தான் செய்யும். என் பெரியம்மா அப்படி நினைத்து மூன்று வேளையும் களி சாப்பிட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

உங்களுக்கு நடைமுறையில் ஆகக்கூடியது இது: ரூமில் கெட்டில் இருந்தால் மார்க்கெட்டில் கேரட், பட்டர் பீன்ஸ், பச்சைப் பட்டாணி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டாணியையும் கேரட்டையும் அப்பா சும்மாவே கொறிக்கலாம். கிராம உறவுக்காரர்களை வைத்திருக்கிற நண்பர் யாராவது இருந்தால் எங்கள் ஹெத்தை அம்மன் பண்டிகையான ஹெத்தை ஹப்ப சமயம் வாருங்கள், டிசம்பர், ஜனவரியில் வரும். அப்போது பந்தியில் உட்காரலாம், பில் கிடையாது.

சாமை, மலைத்தேன் என்றால் கோத்தகிரியில் இருக்கிற கீஸ்டோன் என்ற தொண்டு அமைப்பின் ஆட்கள் தொடங்கிய லாஸ்ட் ஃபாரஸ்ட் கடைக்குப் போங்கள். பழங்குடிகள் எடுக்கிற தேன், ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு நிறம். கசக்கிற தேன்கூட உண்டு. (தேனும் அப்பாவுக்கு இல்லை. பாவம்.)

குன்னூர்க்காரன்:
நீங்கள் ரயிலில் வருவதாக இருந்தால் முதல் நாள் கணக்கே வேறு. மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு பத்துக்கு ஏறினால் ஊட்டியில் இறங்க மதியம் பன்னிரண்டு ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். நடுவில் ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும், டீ கிடைக்கும், குரங்கும் கிடைக்கும். அப்பாவுக்குக் கட்டுச்சோறு கட்டாயம். குன்னூரில் ஸ்டீம் இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டுகிற நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள்.

திரும்பும்போது பஸ் என்றால் குன்னூரில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். ஒரு விஷயம் யாரும் இங்கே சொல்லவில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இந்த மலையில் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களே வந்தன. எங்கள் தாத்தா கண்டியிலிருந்து வந்தவர். எங்கள் லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காலைச் சாப்பாடு ரொட்டி: கோதுமை மாவில் தேங்காய் துருவிப் போட்டு, உப்புத் தண்ணீரில் பிசைந்து, கையால் தட்டி, கல்லில் சுட்டது. தொட்டுக்கொள்ள தேங்காய்ச் சம்பல். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சில டீக்கடையில் காலையில் வைத்திருப்பார்கள். போர்டில் எழுத மாட்டார்கள், கேட்டால்தான் எடுப்பார்கள்.

மஞ்சூர்பஸ்:
சரி, அந்த அடுக்கு பிஸ்கட், வர்க்கி பற்றி யாரும் பேசவில்லையே? ஊட்டி வந்துவிட்டு வர்க்கி சாப்பிடாமலா?

குன்னூர்க்காரன்:
வர்க்கி குன்னூரில்தான் நன்றாக இருக்கும். ஊட்டி என்று பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கீழ்பஜார்:
ஆரம்பித்துவிட்டார். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எந்தப் பெயருக்கு? ஊட்டி வர்க்கி. போய் ஆவணத்தைப் படியுங்கள்.

குன்னூர்க்காரன்:
ஆவணத்தை டீயில் தொட்டுச் சாப்பிடுங்கள்.

அடுப்படி:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். ஊரை விட்டுவிட்டு அடுப்பைப் பாருங்கள். விறகு அடுப்பில் சுட்ட வர்க்கியில் அடி கொஞ்சம் சிவந்து, அடுக்கு தனித்தனியாகப் பிரியும், கடித்தால் கைக்கு அடியில் துகள் கொட்டும். மைதா, கொழுப்பு, கொஞ்சம் சர்க்கரை, உப்பு, அப்புறம் முதல் நாள் எடுத்து வைத்த மாவு. ஈஸ்டுக்குப் பதில் அதுதான் வேலை செய்யும். இந்தக் குளிரிலும் காற்றிலும் ஊறுகிற மாவு கீழே அப்படி வராது, கோவையில் செய்து பார்த்தவர்கள் விட்டுவிட்டார்கள். வாங்கும்போது பாக்கெட் வேண்டாம். பேக்கரியில் மாலை தட்டு இறங்குகிற நேரம் கேட்டு, காகிதத்தில் எடை போட்டு வாங்குங்கள். ஒன்றிரண்டு நாளில் நமத்தால் தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு நிமிடம்.

சாக்லேட்டுக்கும் ஒரு வார்த்தை. "ஹோம்மேட்" என்ற போர்டு ஒன்றும் சொல்லாது. பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் சாக்லேட், தாவரக் கொழுப்பு என்று இருந்தால் சாக்லேட் மாதிரி. இரண்டாவது சேலம் வரை உருகாமல் வரும், அதுவே அடையாளம்.

சேலத்துராணி:
கடைசிக் கேள்வி. தண்ணீர்? பாட்டில் கொண்டு வரக் கூடாது என்கிறார்களே. மலைக்கு ஏற இ-பாஸ் என்று ஒரு அனுமதியும் வேண்டுமா?

மஞ்சூர்பஸ்:
ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் மாவட்டத்துக்குள்ளேயே தடை. செக்போஸ்டில் வாங்கிப் போட்டுவிடுவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள், சாலையோரம் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது. இ-பாஸ் வெளியூர்க் காருக்கும் வேனுக்கும் வேண்டும். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடைக் கூட்டத்துக்கு உயர் நீதிமன்றம் ஒரு கணக்கே வைத்திருந்தது: ஒரு நாளைக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000.

கீழ்பஜார் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: கூட்டத்துக்கு முன்னால் உட்காருவது. மற்றதெல்லாம் ஊர்ப்பாசம்.

கீழ்பஜார்:
நன்றி மஞ்சூர் அண்ணா, அதுவே பெரிய விஷயம். கடைப் பெயர் ஒன்று சொல்வதாகச் சொன்னேனே. பையன்களுக்கு கமிஷனர்ஸ் ரோட்டில் ஷின்கோஸ். 1954-இலிருந்து நடக்கிற சீனச் சாப்பாட்டுக் கடை. ஊட்டியில் படித்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், என் அண்ணன் முதல் சம்பளத்தில் எங்களைக் கூட்டிப்போனது அங்கேதான். அதற்காகச் சொல்கிறேனோ என்னவோ. அப்பாவுக்கு ஏற்றம் வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

சேலத்துராணி:
போய் வந்துவிட்டோம். கடன் தீர்க்கிறேன்.

முதல் நாள் ஹில்குரோவில் சின்னவன் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு வாங்கிக்கொண்டது. "பிடுங்கியது" என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அவன் கொடுத்த மாதிரிதான் இருந்தது. குன்னூர் பிளாட்பாரத்தில் புளிசாதம், அப்பா பத்தரைக்கே சாப்பிட்டுவிட்டார்.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்கு நானும் அப்பாவும் மட்டும் மார்க்கெட் போனோம், மற்றவர்கள் கம்பளியை விடவில்லை. கீழ்பஜார், உங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. பெஞ்சில் எதிரே தலையில் துண்டு கட்டிய இரண்டு லோடுமேன்கள், நடுவில் கேரட் மூட்டை, எங்கள் தட்டில் முதல் ஈடு இட்லி. அப்பா நாலு சாப்பிட்டார், பிறகு மாஸ்டரிடம் போய் "எங்க சேலத்துத் தண்ணிக்கு இன்னும் மெதுவா வரும்" என்று சொல்லிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாஸ்டர் கோபிக்கவில்லை. "அப்ப நாளைக்கு தண்ணி கொண்டாங்க, போட்டுப் பாத்துடலாம்" என்றார். மூன்றாம் நாளும் அங்கேயேதான் போனோம். தண்ணீர் மட்டும் கொண்டு போகவில்லை. மஞ்சூர்பஸ் அவர்களுக்கு: சந்தில் ஈரம் இருந்தது உண்மை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஷின்கோஸில் பையன்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சறுக்கியது சனிக்கிழமை இரவு. கார்டனிலிருந்து திரும்ப நேரமாகி, எட்டேகாலுக்கு சேரிங் கிராஸில் ஒரு ஹோட்டலில் நுழைந்தோம். "பத்து நிமிஷம் மேடம்" என்றார்கள். முப்பத்தைந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டோம். எதிரே ஒரு தள்ளுவண்டியில் அப்பாவுக்கு இரண்டு தோசை, எங்களுக்கு முட்டைத் தோசை. நின்றுகொண்டே சாப்பிட்டோம். எல்லாம் முன்பே சொல்லியிருந்தீர்கள், தப்பு எங்களுடையது.

வர்க்கி ஒரு கிலோ வாங்கினேன். எந்த ஊரில் என்று சொல்ல மாட்டேன்.

கீழ்பஜார்:
புத்திசாலி.

அடுப்படி:
சேலத்துத் தண்ணீர் என்று சொன்ன அப்பாவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அடுத்த முறை ஐந்து லிட்டர் கேனில் கொண்டு வரச் சொல்லுங்கள்.

சேலத்துராணி:
சொல்கிறேன் அண்ணா. குன்னூர்க்காரன், உங்களுக்கு ஒரு கேள்வி. திரும்பும்போது நீங்கள் சொன்ன மாதிரி குன்னூரில் இறங்கி, கேட்டுக் கேட்டு ஒரு டீக்கடையில் ரொட்டி பிடித்தோம். சம்பல் என்றால் அப்படியொரு சம்பல். அப்பா மூன்று தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து நான் தேங்காய், மிளகாய்த்தூள், வெங்காயம், எலுமிச்சை எல்லாம் போட்டு இடித்தேன். "இது இல்ல, அதுல வேற என்னமோ இருந்துச்சு" என்கிறார் அப்பா. என்ன போடுவார்கள்?

குன்னூர்க்காரன்:
மாசி இடித்துப் போட்டால்தான் அந்த ருசி வரும். அது மாலத்தீவுக் கருவாடு, கல் மாதிரி இருக்கும். ஆனால் நீங்கள் வந்தது புரட்டாசி ஆயிற்றே, பல கடைகளில் அந்த மாதம் மாசி போட மாட்டார்கள்.

சேலத்துராணி:
"பல கடைகளில்" என்றால்?